யாருக்கும் சொந்தமில்லாத மேசை: சான் ரமோனும் பொது உணவுக்கூடங்களும்

பெருநகரங்களில் வெளியே சென்று உண்பதைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் எந்தக் கடையில் எது சுவையாக இருக்கும் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அந்தக் குறிப்புகளால் பயன் உண்டு. ஆயினும், பல கடைகள் ஒரே கூரையின் கீழ் நின்று ஒரே மேசைக் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு எவ்வாறு உருவானது, அதன் செலவை யார் ஏற்கிறார்கள், அங்கே அடுப்பு வைக்க யாருக்கு இடம் கிடைக்கிறது ஆகிய கேள்விகள் சுவையைவிட நெடுநாள் நிற்பவை. கலிபோர்னியாவின் பே ஏரியா எனப்படும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கிழக்கே, கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் உள்ள சான் ரமோன் நகரை முன்னிறுத்தி அக்கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. 1983இல்தான் தனி நகரமாகப் பதிவான சான் ரமோனில் 2010 கணக்கெடுப்பில் 72,148 பேர் இருந்தனர். 2020இல் அத்தொகை ஏறத்தாழ 84,600 ஆக உயர்ந்தது. அவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் ஆசிய வம்சாவளியினர் என்பதும், இந்தியக் குடும்பங்கள், அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள், அங்கே கணிசமாக வாழ்கின்றன என்பதும் இந்த ஆராய்ச்சிக்கு முக்கியமானவை. பழைய கடைத்தெருவோ தேரடியோ பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடையோ இல்லாத ஒரு நகரம், மக்கள் கூடி உண்ணும் இடத்தைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஃபுட் கோர்ட் என்பது வணிக வளாகத்தின் ஒரு தளத்தில், பெரும்பாலும் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களின் கவுண்டர்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் பொது இருக்கைகளைப் போடும் ஏற்பாடு. துணிக்கடைக்கு வந்தவரை மேலும் இரண்டு மணி நேரம் வளாகத்திலேயே நிறுத்திவைப்பதே அதன் முதல் நோக்கம். ஃபுட் ஹால் என்பது உணவே வருகைக்குக் காரணமாக அமையும் கூடம். அங்கே உள்ளூர்ச் சமையல்காரர்களின் சிறு கடைகள் இருக்கும், கட்டடம் பெரும்பாலும் பழைய சந்தையாகவோ துறைமுகக் கூடமாகவோ தொழிற்சாலையாகவோ இருந்திருக்கும். நடைமுறையில் இவற்றுக்கு இடையிலான எல்லை தேய்ந்துகொண்டே வருகிறது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: மேசை எந்தக் கடைக்கும் சொந்தமானதன்று.

அமெரிக்க ஃபுட் கோர்ட்டின் வரலாறு ஒரு தோல்வியிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ரௌஸ் நிறுவனம் 1971இல் பென்சில்வேனியாவின் பிளைமவுத் மீட்டிங் வளாகத்தில் உணவுக் கவுண்டர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இடம் சிறியது, கடைகளின் வகையும் குறைவு என்பதால் அது நிலைக்கவில்லை. அதே நிறுவனம் 1974இல் நியூ ஜெர்சியின் பராமஸ் பார்க் வளாகத்தில் மறுபடி முயன்றபோது வெற்றி கிடைத்தது. கடைகளின் எண்ணிக்கை ஒரு அளவுக்கு மேல் போனால்தான் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க முடியும். ஒருவருக்குக் கிடைக்காவிட்டாலும் மொத்தக் குடும்பமும் வேறிடம் போய்விடும். பத்துக் கடைக்காரர்கள் போட்டியாளர்களாக இருந்துகொண்டே ஒருவர் வாடிக்கையாளரை மற்றவருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் இந்தக் கணக்குப் பிடிபட்டதும் நாடெங்கும் வணிக வளாகங்கள் அதைப் பின்பற்றின. பே ஏரியாவில், 1983இல் மூடப்பட்ட ஃபோர்டு கார்த் தொழிற்சாலையை மாற்றி 1994இல் திறக்கப்பட்ட மில்பீட்டஸ் கிரேட் மாலிலும் அதே அமைப்பைக் காணலாம்.

இந்த அமைப்பின் உள்ளே ஓடும் பணக்கணக்கை அறியாமல் அதன் உணவைப் புரிந்துகொள்ள முடியாது. ஃபுட் கோர்ட் கடைக்காரர் பொதுவாக மூன்று வகையில் பணம் கட்டுகிறார். முதலாவது, இடத்தின் பரப்புக்கேற்ற அடிப்படை வாடகை. இரண்டாவது, மேசை துடைப்பவர், குப்பை, விளக்கு, கழிப்பறை ஆகியவற்றுக்கான பொதுப் பராமரிப்புக் கட்டணம். மூன்றாவது, விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு மேலுள்ள தொகையில் குறிப்பிட்ட விழுக்காட்டை வளாக உரிமையாளருக்குத் தர வேண்டும் என்ற விற்பனைப் பங்கு வாடகை. சென்னையின் வணிக வளாகங்களில் பல ஆண்டுகள் புழங்கிய அட்டை முறை இந்தக் கணக்கின் இந்திய வடிவம் எனலாம்: 2010இல் திறக்கப்பட்ட எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற இடங்களில் வாடிக்கையாளர் ஒரு கவுண்டரில் முன்பணம் ஏற்றிய அட்டையை வாங்கி, எல்லாக் கடைகளிலும் அதையே நீட்டி, மீதியைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வாடிக்கையாளருக்கு அது ஒரு வசதி, அல்லது கூடுதலாக ஒரு வரிசை. வளாக உரிமையாளருக்கோ ஒவ்வொரு கடையின் ஒவ்வொரு ரூபாயும் கண்முன் தெரியும் கணக்குப் புத்தகம். இவ்வளவு கட்டணத்தையும் தாங்கக்கூடியவர் பெரும்பாலும் கிளை நிறுவனமே என்பதால்தான் எந்த ஊர் ஃபுட் கோர்ட்டுக்குச் சென்றாலும் அதே பெயர்ப் பலகைகள் எதிர்ப்படுகின்றன. மக்களுக்குப் புதுமையில் நாட்டமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது நியாயமாகாது.

ஃபுட் ஹால் இந்தக் கட்டமைப்பைச் சற்று மாற்றியது. 1898இல் கட்டப்பட்ட சான் பிரான்சிஸ்கோ ஃபெர்ரி கட்டடம், பாலங்கள் வந்தபின் படகுப் பயணம் குறைந்து மங்கி, முகப்பை மறைத்து நின்ற மேம்பாலச் சாலை 1989 நிலநடுக்கத்தில் சேதமுற்று இடிக்கப்பட்ட பிறகு மீண்டும் கண்ணுக்குத் தெரிந்து, 2003இல் உணவுச் சந்தையாகத் திறக்கப்பட்டது. வளைகுடாவின் மறுகரையில் எமரிவில் பப்ளிக் மார்க்கெட் பல நாட்டுச் சிறு கடைகளைப் பல்லாண்டுகளாக வைத்து நடத்தி வருகிறது. 2011இல் சான் ஹோசேயில் சான் பெட்ரோ ஸ்கொயர் மார்க்கெட்டும், 2017 இறுதியில் டெக்சஸின் பிளேனோவில் மூன்று தளங்கள் கொண்ட லெகசி ஹாலும் வந்தன. இத்தகைய கூடங்கள் பலவற்றில் கடைக்காரர் நீண்டகாலக் குத்தகைக்குக் கையெழுத்திடுவதில்லை. குறுகிய கால உரிமம் பெற்று, கூடத்தை நடத்துபவர் ஏற்கெனவே அமைத்துவைத்த புகைபோக்கி, எண்ணெய்க் கழிவுத் தொட்டி, பாத்திரம் கழுவும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறார். தனி உணவகம் தொடங்கப் போட வேண்டிய முதலீட்டில் ஒரு பகுதியோடு கடை தொடங்க இது வழி செய்கிறது. அதே வேளையில், உரிமம் என்பது குத்தகையைப் போலக் காப்புத் தராது. விற்பனை குறைந்தால் சில வாரங்களில் பெயர்ப் பலகை மாறிவிடும்.

சிறு கடைக்காரருக்காகவே தொடங்கப்பட்ட முயற்சியும் தடுமாறியதுண்டு. 2005இல் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் தோன்றி, குடியேறிய பெண்களும் எளிய பின்னணிப் பெண்களும் உணவுத் தொழில் தொடங்க உதவிவரும் லா கோசினா என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 2021இல் டெண்டர்லாய்ன் பகுதியில் பழைய அஞ்சலகம் ஒன்றில் பெண்களே நடத்தும் கடைகளைக் கொண்ட உணவுக்கூடத்தைத் திறந்தது. பெருந்தொற்றுக்குப் பின் அலுவலகங்கள் காலியாகிக் கிடந்த நகர மையத்தில் மதிய உணவுக் கூட்டம் திரும்பவில்லை. 2023இல் அக்கூடம் மூடப்பட்டது. நல்ல நோக்கமும் நல்ல சமையலும் இருந்தும் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நடப்பவர் எண்ணிக்கை போதவில்லை என்பதே அதன் வரலாறு சொல்லும் செய்தி.

அரசே உரிமையாளராக நின்ற ஏற்பாட்டுக்குச் சிங்கப்பூர் எடுத்துக்காட்டு. 1968–69இல் தெருவோர உணவு வணிகர் சுமார் 18,000 பேரைப் பதிவு செய்த அந்நாட்டு அரசு, 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் தந்து அவர்களை அங்கே குடியமர்த்தியது. தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறையினருக்குச் சலுகை வாடகை கிடைத்தது. ஒரு தட்டு உணவின் விலை தொழிலாளிக்கு எட்டும் அளவில் நின்றதற்கு அது முக்கியக் காரணம். லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் பிரியாணியும் தோசையும் சீன நூடுல்ஸும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. காலியான இருக்கையின் மேல் ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டால் அது பிடித்துவைத்த இடம் என்பதை முன்பின் தெரியாதவரும் மதிக்கிறார். 2021 செப்டம்பர் முதல் உண்டவரே தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு என்ற விதியும் வந்தது. பொது மேசை தானாக நடப்பதன்று. அதற்கென ஒழுங்கும் அதைக் காக்கும் ஆட்களும் வேண்டும். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இருப்பினும், முதல் தலைமுறையினர் ஓய்வு பெறும்போது அந்தக் கடைகளை ஏற்று நடத்த இளையவர் போதிய அளவில் முன்வராதது அங்கே தீராத கவலையாக உள்ளது.

தமிழ் வாசகருக்குப் பொது மேசை என்பது வெறும் வசதிப் பொருளன்று. தென்னிந்திய இரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி உண்ணுமிடங்கள் இருந்த வழக்கம், நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் முடிவுக்கு வந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியின் முரளி கஃபே பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் நடத்திய மறியல், உணவகத்தின் பலகையும் நாற்காலியும்கூட அரசியல் என்பதை ஊரறியச் செய்தது. அதன் பிறகு வந்த பல பத்தாண்டுகளில் சென்னையில் பொதுவாக உட்கார்ந்து உண்ணும் இடங்கள் பல வகையாக விரிந்தன: 1962இல் கதீட்ரல் சாலையில் மரநிழலில் தொடங்கி 2008 வரை நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் ஒரு காப்பியோடு மணிக்கணக்கில் உட்கார முடிந்தது, 2000இல் திறக்கப்பட்ட டைடல் பார்க் போன்ற மென்பொருள் வளாகங்களில் பல ஊர் இளைஞர்கள் ஒரே கூடத்தில் மதிய உணவு உண்ணத் தொடங்கினர். யார் சமைத்தது, யார் அருகில் அமர்வது என்று கேட்ட சமூகத்தில், தட்டை ஏந்திக்கொண்டு காலியிடம் தேடி உட்காரும் பழக்கம் சிறிய மாற்றமன்று.

அந்தப் பழக்கம் கடல் கடந்தபின் குடும்பத்துக்குள் வேறொரு பயனைத் தந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி சைவம்; மகனும் மருமகளும் கோழி உண்பவர்கள்; பேரக்குழந்தைக்கு பீட்சா அல்லது ராமென் நூடுல்ஸ்; உடன்வந்த நண்பரின் குடும்பம் ஹலால் மட்டுமே உண்பது. தனி உணவகத்தில் இவர்களில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் பாட்டி தயிர்சாதத்தை வீட்டிலேயே உண்டுவிட்டு வந்து, வெறுமனே துணைக்கு உட்கார்ந்திருப்பார். பல கடைகள், ஒரு மேசை என்ற ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் தமது நியமத்தை விடாமலே ஒன்றாக உண்ண முடிகிறது. அடுப்பு தனி, பாத்திரம் தனி, மேசை மட்டும் பொது என்ற இந்தப் பிரிவினையே பலரின் மனநிறைவுக்கு அடிப்படை. இக்காரணத்தால், அண்மையில் பரவிவரும் ஒற்றைச் சமையலறை முறை கவனத்துக்குரியது. 2020இல் பே ஏரியாவில் தொடங்கிய லோக்கல் கிச்சன்ஸ் போன்ற நிறுவனங்கள், பல உணவகங்களின் பட்டியலை ஒரே திரையில் காட்டி, எல்லாவற்றையும் ஒரே அடுக்களையில் ஒரே பணியாளர்களைக் கொண்டு சமைத்துத் தருகின்றன. விரைவுக்கும் வாடகைச் சிக்கனத்துக்கும் அது உகந்தது. ஆனால் சைவ உணவுக்குத் தனிக் கல்லும் தனிக் கரண்டியும் இருக்க வேண்டும் என்று கருதுபவருக்கு, திரையில் பத்துக் கடைகள் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரு கடைதான்.

சான் ரமோனுக்கு வருவோம். இன்று பிஷப் ராஞ்ச் எனப்படும் 585 ஏக்கர் அலுவலகப் பரப்பு ஒருகாலத்தில் பேரிக்காயும் வால்நட்டும் விளைந்த தோப்பு. மெஹ்ரான் குடும்பத்தின் சன்செட் டெவலப்மென்ட் நிறுவனம் 1978இல் அந்நிலத்தை வாங்கி அலுவலகப் பூங்காவாக்கியது. பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனமும் பின்னர் செவ்ரான் எண்ணெய் நிறுவனமும் அங்கே குடியேறின. காரில் வந்து, காரில் திரும்பும் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் மதிய உணவுக்கு நம்பியது பெரும்பாலும் நிறுவனச் சிற்றுண்டிச் சாலையையே. அத்தகைய சிற்றுண்டிச் சாலைகள் ஊர்க் கடைகளின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்ற வாதம் பே ஏரியாவில் வலுவாகவே எழுந்தது: மவுண்டன் வியூ நகரம் 2014இல் ஒரு வளாகத்தில் முழு இலவச உணவுக்குக் கட்டுப்பாடு விதித்தது, சான் பிரான்சிஸ்கோவில் 2018இல் புதிய அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளைத் தடுக்கும் முன்மொழிவு வந்து, நிறைவேறாமல் போனது. சான் ரமோன் வேறு வழியில் சென்றது. 2018 நவம்பரில், இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவின் நிறுவனம் வடிவமைத்த சிட்டி சென்டர் பிஷப் ராஞ்ச், ஏறத்தாழ 3,00,000 சதுர அடியில், நடுவே திறந்த சதுக்கத்தோடும் சுற்றிலும் உணவகங்களோடும் திரையரங்கோடும் திறக்கப்பட்டது. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபான் தொடங்கிய புகழ்பெற்ற வியட்நாமிய உணவகமான ஸ்லாண்டட் டோர் இங்கே கிளை அமைத்தது.

கறாராகப் பார்த்தால் சிட்டி சென்டர் ஃபுட் ஹால் அன்று. ஒவ்வொரு உணவகத்துக்கும் தன் சுவரும் தன் மேசையும் உண்டு. பொதுவாக இருப்பது நடுச் சதுக்கம் மட்டுமே. ஆயினும் வெள்ளி மாலைகளில் அந்தச் சதுக்கம் செய்யும் வேலை கூடத்தின் வேலைதான்: குழந்தைகள் ஓடி விளையாட, மூத்தோர் நிழலில் அமர, வெவ்வேறு கடைகளில் வாங்கியவற்றைக் கையில் ஏந்திய குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. காரில்லாமல் எங்கும் போக முடியாத ஊரில், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் வரை தங்கும் பெற்றோருக்கு, வீட்டுக்கு வெளியே மனித முகங்களைப் பார்க்கும் இடமாக இத்தகைய சதுக்கங்கள் பயன்படுகின்றன என்பதைக் கட்டடக்கலை விமரிசனங்கள் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும். குறையும் உண்டு. அழகிய கண்ணாடிச் சுவருக்குப் பின்னுள்ள வாடகையைத் தாங்குபவர்கள் ஏற்கெனவே பெயர் பெற்ற உணவகங்களே. முதன்முறையாகக் கடை போடும் ஒருவருக்கு ஏற்ற நூறு சதுர அடிக் கவுண்டர் அத்தகைய திட்டங்களில் அரிது.

அந்த நூறு சதுர அடியில் தோசைக்கடை வைக்க முனைபவர் சந்திக்கும் இடர்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கலிபோர்னியச் சில்லறை உணவுச் சட்டப்படி, எளிதில் கெடக்கூடிய உணவு 41 பாரன்ஹீட் பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும் அல்லது 135 பாகைக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். தோசை மாவோ அறை வெப்பத்தில் இரவு முழுவதும் புளிக்க வேண்டியது. புளித்த மாவின் அமிலத்தன்மையைக் குறிக்கும் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் நோய்க்கிருமி வளர்வது கடினம் என்பது அறிவியல். அதை ஆய்வாளருக்குக் கருவியால் அளந்து காட்டி, ஏட்டில் எழுதிவைத்து நிறுவ வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. தேங்காய்ச் சட்னியைத் தூக்குவாளியில் மேசைமேல் வைக்க முடியாது. பனிக்கட்டித் தொட்டியில்தான் அது இருக்க வேண்டும். எண்ணெய்ப் புகை எழும் கல்லுக்கு மேலே தீயணைப்பு வசதியுள்ள புகைபோக்கி கட்டாயம். கூடத்தில் அத்தகைய புகைபோக்கியுள்ள கவுண்டர்கள் சிலவே இருக்கும், வாடகையும் அவற்றுக்கே அதிகம். புகைபோக்கி இல்லாதவை காப்பிக்கும் ஐஸ்கிரீமுக்கும் சாலடுக்கும் போகும். இவற்றையெல்லாம் கடந்தாலும் நேரக் கணக்கு உண்டு: ஒரு கல்லில் ஈட்டுக்கு நான்கு தோசை, ஈட்டுக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் மணிக்கு 80 தோசைக்கு மேல் வராது, அலுவலக மதிய உணவுக் கூட்டமோ ஒரு மணி நேரத்துக்குள் வந்து போய்விடும். பக்கத்துக் கடைக்காரர் முன்பே சமைத்து ஆவித்தட்டில் வைத்த சோற்றையும் குழம்பையும் அரை நிமிடத்தில் கிண்ணத்தில் இட்டுத் தருகிறார். உணவுக்கூடங்களில் இந்திய உணவு என்றாலே கிண்ணச் சோறும் சுருட்டிய ரொட்டியுமாகச் சுருங்கிவிடுவதற்கு வாடிக்கையாளரின் ருசியைவிட இந்தக் கணக்கே பெரிதும் காரணமாக இருக்க வேண்டும்.

வணிக வாடகை இல்லாத இடத்தில் தோசை எவ்வாறு தழைக்கிறது என்பதற்கு நியூயார்க்கின் ஃபிளஷிங் சான்று. அங்கே 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் இயங்கும் கான்டீனில், கோயிலுக்கு வருபவர் மட்டுமின்றி நகரின் பல மூலைகளிலிருந்தும் வருபவர்களும் நீண்ட மேசைகளில் அமர்ந்து தோசையும் இட்லியும் உண்கின்றனர். இடம் கோயிலுடையது, வருவாய் கோயிலுக்கே, வருபவர் எண்ணிக்கையோ வார இறுதிதோறும் உறுதி. சமைப்பவரின் மேல் வளாக உரிமையாளரின் பங்கு ஏறுவதில்லை. ஃபிளஷிங்கின் சீன அங்காடி வளாகங்களின் கீழ்த்தளத்திலும் இதைப் போன்ற ஒரு கதை உண்டு: 2005இல் கோல்டன் ஷாப்பிங் மாலின் நெரிசலான நிலவறைக் கடையொன்றில் தொடங்கிய ஷியான் ஃபேமஸ் ஃபுட்ஸ், பின்னர் நியூயார்க்கெங்கும் கிளை விரித்தது. பளபளப்பில்லாத, மலிவான இடமே புதியவருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இன்னொரு வாயில் வீட்டுச் சமையலறை. வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமை பட்டியல் போட்டு, சனிக்கிழமை பொடி தோசையும் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பும் தரும் பெண்கள் பே ஏரியாத் தமிழர் வாழ்வில் நன்கு அறிமுகமானவர்கள். முறுக்கு, பொடி போன்று எளிதில் கெடாத பண்டங்களை வீட்டில் செய்து விற்க 2013 முதல் நடைமுறையிலுள்ள கலிபோர்னியச் சட்டம் இடம் தந்தது. சமைத்த உணவுக்கு 2018இல் இயற்றப்பட்ட ஏபி 626 என்ற சட்டம் வழி திறந்தது. நாளொன்றுக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60, ஆண்டு விற்பனை 50,000 டாலர் என்ற வரம்புகள் பின்னர் வாரத்துக்கு 90 என்றும் ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்றும் உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தனியே ஏற்றுக்கொண்டால்தான் இச்சட்டம் அங்கே செல்லுபடியாகும் என்பது அதன் பெரிய முடிச்சு. வீட்டு வரம்பைத் தாண்டி வளர நினைக்கும் ஒருவருக்கு அடுத்த படி சிறு கவுண்டராகத்தான் இருக்க முடியும். வீட்டுச் சமையலறைக்கும் முழு உணவகத்துக்கும் இடையில் அந்தப் படி இல்லாத ஊரில், கைப்பக்குவம் உள்ளவர் வாட்ஸ்அப் குழுவிலேயே நின்றுவிடுகிறார்.

இப்போது அந்தப் படியைக் கட்டுவதற்கான வாய்ப்பு சான் ரமோனில் எழுந்துள்ளது. 2020இல் நகர மன்றம் அனுமதித்த சிட்டிவாக் திட்டப்படி பிஷப் ராஞ்ச் பரப்பில் 4,500 வீடுகள் வரவிருக்கின்றன. தன் வளாகத்தை விற்றுவிட்ட செவ்ரான், தலைமையகத்தை ஹூஸ்டனுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. அலுவலக மதிய உணவுக் கூட்டத்தை நம்பிய கணக்கு மாறி, மாலையிலும் விடுமுறையிலும் நடந்தே வந்து உண்ணும் குடியிருப்போரின் கூட்டம் உருவாகப் போகிறது. டெண்டர்லாயினில் லா கோசினாவுக்குக் கிடைக்காமல் போனது இதுவே. புதிய கட்டடங்களின் தரைத்தளத்தில் புகைபோக்கி பொருத்திய சில சிறு கவுண்டர்களை ஒதுக்கி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விற்பனைப் பங்கை மட்டும் வாடகையாகப் பெறுவது நில உரிமையாளருக்குப் பெரும் இழப்பாகாது. ஒரே நிறுவனம் பல ஆண்டுகளாக நிலத்தின் பெரும்பகுதியை வைத்திருக்கும் பிஷப் ராஞ்சில், ஒரு மூலையின் குறைந்த வாடகையை மற்ற மூலைகளின் வருகை ஈடுசெய்யும். பராமஸ் பார்க்கில் 1974இல் பலித்த கணக்கும் ஏறத்தாழ இதுதான். சனிக்கிழமைகளில் பிஷப் ராஞ்சில் கூடும் உழவர் சந்தையில் சிறு விற்பனையாளர்கள் ஒரு காலை நேரத்துக்கு மட்டும் இடம் பெறுகிறார்கள். அவர்களுக்கு வாரம் முழுவதற்குமான கூரையும் குழாயும் தருவதற்கு வேண்டிய நிலமும் முதலும் அங்கேயே உள்ளன.